கேட்டது கிடைத்தால் நோய் தீருமா?

மனநலப் பிரிவுக்குத் தம் பிள்ளைகளை அழைத்துவரும் பெற்றோர் பெரும்பாலும் இரண்டு கேள்விகளில் ஒன்றைக் கேட்பார்கள். "அந்தப் பெண்ணையே பேசி முடித்துவிட்டால் இவன் சரியாகிவிடுவானா?" என்பது ஒன்று. "வேறு நல்ல இடமாகப் பார்த்து ஒரு கால்கட்டுப் போட்டுவிட்டால் மறந்துவிடுவாளா?" என்பது மற்றொன்று. நெட்டப்பாக்கம், மடுகரை, ஏம்பலம், கரையாம்புத்தூர் எனச் சுற்றிலுமுள்ள ஊர்களில் ஒரு வீட்டுப் பிள்ளை காதலால் உண்ணாமலும் உறங்காமலும் கிடக்கும்போது, உறவினர் கூடிப் பேசி முதலில் எட்டும் முடிவும் இவ்விரண்டில் ஒன்றாகவே இருக்கும். இரண்டு கேள்விகளுக்கும் அடியில் இருப்பது ஒரே நம்பிக்கை: மனம் எதற்காக ஏங்குகிறதோ அதையோ, அதற்கு ஈடான ஒன்றையோ கொடுத்துவிட்டால் ஏக்கம் தணியும் என்பது. இந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் சரி என்பதை இந்தப் பாடத்தில் ஆராய்வோம். அதற்கு நம் மொழியிலேயே ஒரு பழைய கதை இருக்கிறது.

பத்திரையின் கதை

ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்று குண்டலகேசி. நாதகுத்தனார் இயற்றிய இந்தப் பௌத்த நூலில் இன்று நமக்குக் கிடைப்பவை 19 பாடல்கள் மட்டுமே. நூல் மறைந்தாலும் கதை மறையவில்லை. நீலகேசி என்னும் சமண நூலின் உரை அதைச் சொல்கிறது. பாலி மொழியில் உள்ள தேரிகாதையின் உரையும் அதே கதையைச் சிற்சில வேறுபாடுகளுடன் சொல்கிறது.

பத்திரை செல்வ வணிகர் ஒருவரின் மகள். ஒருநாள் தன் மாளிகையின் மேலிருந்து தெருவை நோக்குகிறாள். காவலர் ஒரு கள்வனைக் கொலைக்களத்துக்கு இழுத்துச் செல்கின்றனர். தமிழ்க் கதையில் அவன் பெயர் காளன். கண்ட நொடியிலேயே அவள் மனம் அவனிடம் போய்விடுகிறது. அவனை அடையாவிட்டால் உயிர் வாழேன் என்று படுக்கையில் வீழ்கிறாள். ஒரே மகளின் நிலை கண்டு தந்தை கலங்குகிறார். தமிழ் மரபில் அவர் அரசனிடம் மன்றாடிக் கள்வனை மீட்கிறார்; பாலி மரபில் காவலனுக்கு ஆயிரம் காசு கையூட்டுக் கொடுத்து மீட்கிறார். கள்வன் நீராட்டப்பட்டு, ஆடை அணிகலன் பூட்டப்பட்டு, மருமகனாகிறான். பத்திரை விரும்பியது முழுமையாகக் கிடைத்துவிடுகிறது.

அதன்பின் நடந்ததை இரு மரபுகளும் இரு விதமாகச் சொல்கின்றன. தமிழ் மரபில், ஊடலின்போது விளையாட்டாக அவள் அவனைக் கள்வன் என்று சொல்லிவிடுகிறாள். அந்தச் சொல் அவன் நெஞ்சில் தைத்து, அவளைக் கொல்லும் எண்ணமாக வளர்கிறது. பாலி மரபில், அவள் நகைகளின் மீது அவனுக்குப் பேராசை பிறக்கிறது. எப்படியாயினும் அவன் அவளை ஒரு மலையுச்சிக்கு அழைத்துச் செல்கிறான். அங்கே தன் நோக்கத்தை வெளிப்படையாகவே சொல்கிறான். சாகுமுன் கணவனை வலம்வந்து வணங்க விரும்புவதாகப் பத்திரை கேட்கிறாள். வலம்வரும்போது அவன் பின்னால் நின்று அவனைக் கீழே தள்ளிவிடுகிறாள்.

நம் மூத்தோருக்கு இந்தக் காட்சி புதிதன்று. மாடர்ன் தியேட்டர்ஸ் தயாரிப்பில், மு. கருணாநிதி எழுத்தில், 1950இல் வெளிவந்த 'மந்திரி குமாரி' திரைப்படத்தின் மலையுச்சிக் காட்சி இந்தக் கதையிலிருந்து பிறந்ததுதான்.

கவனிக்க வேண்டிய மூன்று இடங்கள்

கதையைக் கேட்போர் பெரும்பாலும் மலையுச்சியையே நினைவில் வைத்துக்கொள்கின்றனர். குடும்பங்கள் கவனிக்க வேண்டிய இடங்கள் அதற்கு முன்னரே இருக்கின்றன.

முதலாவது, மாளிகையின் மேல்தளம். பத்திரை காளனோடு ஒரு சொல்லும் பேசியதில்லை. தெருவில் கடந்து போகும் நேரத்தில் கண்ட உருவத்துக்கு அவள் மனம் குணங்களைப் பூட்டிவிட்டது. அவள் காதலித்தது தன் மனம் வரைந்த ஓர் ஓவியத்தை. இன்று அந்த மேல்தளத்தின் வேலையைக் கைப்பேசித் திரை செய்கிறது. ஒருவரின் நிழற்படங்களை நாள்தோறும் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு அவரை நெடுநாள் அறிந்தது போன்ற உணர்வு வந்துவிடுகிறது.

இரண்டாவது, படுக்கை. "இல்லையேல் சாவேன்" என்ற சொல் வீட்டில் விழுந்ததும் மற்றக் கேள்விகள் யாவும் வாயடைத்துப் போயின. அவன் யார், என்ன குற்றம் செய்தான், அவளிடம் அவனுக்கு அன்பு உண்டா என்று எவரும் கேட்கவில்லை. தந்தையின் அன்பில் குறையில்லை. ஆயினும் அச்சம் அவரை விரைய வைத்தது. அந்த விரைவு மகளை மலையுச்சியில் கொண்டுபோய் நிறுத்தியது.

மூன்றாவது, காளனின் மனம். அவனை யாரும் எதுவும் கேட்கவில்லை. உயிர் பிழைக்க வேண்டியவன் கிடைத்ததை ஏற்றான். விரும்பப்பட்டவரின் விருப்பம் எண்ணப்படாத இடத்தில் திருமணம் நடக்கலாம், உறவு தொடங்குவதில்லை.

காதல் வேறு, பித்து வேறு

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பிள்ளைகளின் காதல் எல்லாம் நோயன்று. இருவரும் ஒருவரையொருவர் அறிந்து, மனம் ஒப்பி, படிப்பையும் வேலையையும் விடாமல் வாழ்க்கையைத் திட்டமிடுகிறார்களானால் அது நலமான அன்பு. சாதி வேறு, மதம் வேறு, தெரு வேறு என்பதற்காக அதைப் பித்து என்று பெயரிட்டு மருத்துவமனைக்கு அழைத்துவருவது பிழை. சட்டப்படியான வயது வந்த இருவர் தம் துணையைத் தாமே தேர்ந்துகொள்வது அவர்களின் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2018ஆம் ஆண்டுத் தீர்ப்புகளில் உறுதி செய்திருக்கிறது.

பித்தேறிய காதலின் அடையாளங்கள் வேறு. எண்ணம் நாள் முழுதும் ஒரே ஆளைச் சுற்றி வருகிறது. நிறுத்த முயன்றாலும் நிற்பதில்லை. எதிர்ப்பக்கத்திலிருந்து வரும் மறுப்பு மறுப்பாகவே காதில் விழுவதில்லை. ஒரு பார்வை, ஒரு புன்னகை, தற்செயலாக ஒரே பேருந்தில் ஏறியது எனச் சிறு நிகழ்வுகள் மறைவான சம்மதமாகப் பொருள்கொள்ளப்படுகின்றன. உணவும் உறக்கமும் குலைகின்றன. நண்பர்கள் விலகுகின்றனர். வேட்கை ஒருநாள் கெஞ்சலாகவும் மறுநாள் சினமாகவும் மாறுகிறது. இவற்றுள் பல சேர்ந்து வாரக்கணக்கில் நீடித்தால் அது உதவி தேவைப்படும் நிலை.

நம் முன்னோர் இந்த வேறுபாட்டை அறிந்திருந்தனர். தொல்காப்பியம் ஒத்த அன்பை அன்பின் ஐந்திணை என்று போற்றி, ஒருதலைக் காமத்தைக் கைக்கிளை என்றும் பொருந்தாக் காமத்தைப் பெருந்திணை என்றும் தனியே பிரித்து வைத்தது.

மூளையில் நிகழ்வது

இந்த நிலை பிள்ளையின் கொழுப்பினால் வந்தது என்று கருதும் குடும்பங்களுக்காகச் சில ஆய்வுகளை எளிமையாகச் சொல்கிறோம்.

இத்தாலியைச் சேர்ந்த மனநல மருத்துவர் தொனத்தெல்லா மரத்சித்தியும் அவர் குழுவினரும் 1999இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். அண்மையில் தீவிரமாகக் காதல்வயப்பட்ட 20 பேர், எண்ணச் சுழற்சி நோய் உள்ள 20 பேர், இவ்விரண்டும் இல்லாத 20 பேர் ஆகியோரின் குருதியை அவர்கள் ஒப்பிட்டனர். செரடோனின் என்னும் வேதிப்பொருளைக் கொண்டுசெல்லும் புரதம், காதலர்களிடமும் நோயாளிகளிடமும் ஒரே போலக் குறைந்திருந்தது. ஓராண்டுக்கு மேல் கழித்துக் காதலர்களுள் சிலரை மீண்டும் சோதித்தபோது அளவு இயல்புக்குத் திரும்பியிருந்தது.

அமெரிக்காவில் ஆர்தர் ஆரன், ஹெலன் ஃபிஷர், லூசி பிரவுன் ஆகியோர் குழு 2005இல் வெளியிட்ட ஆய்வில், காதல்வயப்பட்ட 17 பேருக்கு அவர்தம் அன்புக்குரியவரின் படத்தைக் காட்டி மூளையை ஸ்கேன் செய்தனர். டோபமின் சுரக்கும் நடுமூளைப் பகுதி விழித்தெழுந்தது. பசி, தாகம் போன்று ஒன்றை நாடி ஓடவைக்கும் பகுதி அது. இதே குழுவினர் 2010இல் காதலில் கைவிடப்பட்ட 15 பேரை ஆராய்ந்தனர். போதைப்பொருளுக்கு ஏங்கும்போது இயங்கும் பகுதிகள் அவர்களிடம் இயங்கின. பிரிந்த நாள்கள் கூடக்கூட, பற்றோடு தொடர்புடைய ஒரு பகுதியின் இயக்கம் குறைந்திருந்ததையும் அவர்கள் கண்டனர்.

இவை சிறிய ஆய்வுகள். எனினும் இரண்டு செய்திகளை நமக்குத் தருகின்றன. வேட்கை உடலில் நிகழும் உண்மையான வேதனை. அடித்தும் திட்டியும் அதைப் போக்க முடியாது. மேலும், அந்த வேதனைக்கு ஒரு காலம் உண்டு. அது தானாகவே தணியும் இயல்புடையது.

கிடைத்தபின் ஏன் தீர்வதில்லை?

நாடி ஓடவைக்கும் மூளைப்பகுதி அடைந்தபின் அமைதி தருவதற்காக அமைந்ததன்று. அது இன்னும் கிடைக்காததை நோக்கியே இழுக்கும். அமெரிக்க உளவியலாளர் டோரத்தி டென்னவ் 1979இல் எழுதிய நூலில் இத்தகைய காதலை விரிவாக ஆராய்ந்தார். நம்பிக்கையும் ஐயமும் மாறி மாறி வருவதே இந்தத் தீயை வளர்க்கும் விறகு என்று அவர் கண்டார். திருமணம் முடிந்ததும் அந்த ஐயம் வேறு உருவம் எடுக்கிறது. "கிடைப்பாளா" என்று தவித்த மனம் "போய்விடுவாளோ" என்று தவிக்கத் தொடங்குகிறது. கைப்பேசியைச் சோதிப்பது, வேலைக்குப் போகவிடாமல் தடுப்பது, தாய்வீட்டாரோடு பேசினாலும் ஐயுறுவது என வீடு சிறையாகிறது. முன்பு பின்தொடர்ந்தவர் இப்போது காவல் காக்கிறார்.

இன்னொரு காரணமும் உண்டு. மனம் வரைந்த ஓவியத்தோடு உயிருள்ள மனிதர் எவரும் ஒத்திருக்க முடியாது. காய்ச்சலில் படுக்கும், கடன் வாங்கும், எதிர்த்துப் பேசும் மனிதரை நாள்தோறும் காணும்போது ஓவியம் கிழிகிறது. கிழித்தவர் மீதே சினம் பாய்கிறது.

எனவே முதல் கேள்விக்கு எங்கள் விடை இது: வேண்டியவரைக் கொடுப்பது இந்த நிலைக்கு மருந்தாகாது. இரண்டாம் கேள்விக்கும் அதுவே விடை. கால்கட்டு என்பது பிள்ளையின் வேதனையை ஏதும் அறியாத இன்னொரு குடும்பத்தின் தலையில் ஏற்றிவைப்பதாகும். அதைச் சுமக்கப்போகும் மணமகளோ மணமகனோ எந்தக் குற்றமும் செய்யாதவர்.

கிடைக்காதபோது

மணிமேகலைக் காப்பியத்தில் சோழ இளவரசன் உதயகுமரன் மறுபக்கத்தைக் காட்டுகிறான். துறவுநெறியை நாடிய மணிமேகலையை அவன் விடாது பின்தொடர்கிறான். அவள் காயசண்டிகை என்பவளின் உருவம் கொண்டு விலகிய பின்னும் அடையாளம் கண்டு தொடர்கிறான். காயசண்டிகையின் கணவன் காஞ்சனன் தன் மனைவியையே அவன் நாடுகிறான் என்று தவறாக எண்ணி வாளால் வீழ்த்துகிறான். ஒருவரின் பித்து மூன்று குடும்பங்களைச் சிதைத்தது. மகனை இழந்த அரசி, ஒரு குற்றமும் செய்யாத மணிமேகலையையே சிறையில் வைத்துத் துன்புறுத்துகிறாள்.

இது பழங்கதை மட்டுமன்று. நம் புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த காரைக்காலில், 2012 நவம்பரில், திருமணத்துக்கு இசைய மறுத்த இளம்பொறியாளர் ஒருவர் மீது அமிலம் வீசப்பட்டது. கண்பார்வையை இழந்து மூன்று மாதம் போராடிய அந்தப் பெண் 2013 பிப்ரவரியில் உயிர்நீத்தார். குற்றவாளிக்கு வாழ்நாள் சிறைத்தண்டனை கிடைத்தது. ஒரு பெண்ணின் மறுப்பை ஏற்கப் பழகாத மனம் எங்கே போய் முடியும் என்பதற்கு நமக்கு வேறு சான்று வேண்டியதில்லை.

சட்டமும் இப்போது தெளிவாக இருக்கிறது. ஒரு பெண் தன் விருப்பமின்மையைக் காட்டிய பின்னும் ஓர் ஆண் அவளைத் திரும்பத் திரும்பப் பின்தொடர்வதும், தொடர்புகொள்ள முயல்வதும், அவளுடைய இணையப் பயன்பாட்டைக் கண்காணிப்பதும் 2013 முதல் தனிக் குற்றங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆம் பிரிவு இதற்கு முதல் முறை மூன்று ஆண்டு வரையும், மீண்டும் செய்தால் ஐந்து ஆண்டு வரையும் சிறைத்தண்டனை விதிக்கிறது.

உங்கள் மகள் பின்தொடரப்பட்டால் அவளுடைய படிப்பை நிறுத்தாதீர்கள். அவசரமாகத் திருமணம் முடிக்காதீர்கள். மணிமேகலையைச் சிறையிட்ட அரசியின் பிழை அதுதான். மகளை நம்புங்கள், வந்த செய்திகளை அழிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள், பெண்கள் உதவி எண் 181, அவசர உதவி எண் 112 ஆகியவற்றைப் பயன்படுத்துங்கள்.

குடும்பம் செய்யக்கூடியவை

பித்தில் சிக்கியவர் உங்கள் வீட்டுப் பிள்ளையாயின், பத்திரையின் தந்தைக்குக் கிடைக்காத வழிகள் உங்களுக்கு உண்டு.

ஒன்று: "செத்துவிடுவேன்" என்ற சொல்லை மிரட்டல் என்று தள்ளாதீர்கள், அதற்கு அஞ்சிக் கேட்டதைக் கொடுத்தும்விடாதீர்கள். உயிரைக் காப்பது வேறு, கோரிக்கையை ஏற்பது வேறு. "உன் உயிர் எங்களுக்கு வேண்டும்; இன்றே மருத்துவரைப் பார்ப்போம். மற்றதைப் பிறகு பேசுவோம்" என்று சொல்லுங்கள். பிள்ளையைத் தனியே விடாதீர்கள். கரும்புக்கும் நெல்லுக்கும் வாங்கிய பூச்சிமருந்தை வீட்டுக்குள் வைக்காமல் வேறிடத்தில் பூட்டி வையுங்கள். இந்த ஒரு முன்னெச்சரிக்கை பல உயிர்களைக் காக்க வல்லது.

இரண்டு: பிள்ளைக்காக எதிர்வீட்டில் போய்க் கெஞ்சுவதும், ஊர்ப் பெரியவர்களைக் கொண்டு அழுத்தம் கொடுப்பதும் வேண்டா. மறுத்தவரின் மறுப்பை முதலில் குடும்பம் மதித்தால்தான் பிள்ளையும் மதிக்கக் கற்கும்.

மூன்று: தீக்கு விறகிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கைப்பேசியைப் பிடுங்கி உடைப்பதைவிட, அந்த ஒருவரின் பக்கத்தைப் பார்ப்பதையும் செய்தி அனுப்புவதையும் நிறுத்தப் பிள்ளையோடு பேசி ஓர் உடன்பாடு செய்வது பயன்தரும். பொய்யான நம்பிக்கையும் கொடுக்காதீர்கள். "கொஞ்சநாள் பொறு, அவள் மனம் மாறும்" என்ற ஆறுதல் பல மாத வேதனையை நீட்டிக்கும்.

நான்கு: வசிய மருந்து வைத்துவிட்டார்கள் என்று எண்ணி, மருந்து எடுப்பவரிடம் கொண்டுபோய் வாந்தி எடுக்க வைப்பதைத் தவிருங்கள். உடலுக்குக் கேடு, உதவி கிடைக்க வேண்டிய நாள்களும் வீணாகும்.

ஐந்து: நாளுக்கு ஓர் ஒழுங்கைத் திரும்பக் கொண்டுவாருங்கள். நேரத்துக்கு உணவு, உறக்கம், வயலிலோ கடையிலோ சிறு வேலை, பழைய நண்பர் ஒருவரின் வருகை ஆகியவை மனத்தின் கவனத்தைச் சிறிது சிறிதாக விரிக்கும்.

எப்போது மருத்துவரை நாட வேண்டும்?

உறக்கமும் உணவும் இரண்டு வாரத்துக்கு மேல் குலைந்திருந்தால் வாருங்கள். தன்னையோ பிறரையோ துன்புறுத்தும் பேச்சு எழுந்தால் அன்றே வாருங்கள்.

இன்னொரு நிலையும் உண்டு. முன்பின் பழகாத ஒருவர், பெரும்பாலும் உயர்நிலையில் இருப்பவர், தம்மை மறைவாகக் காதலிக்கிறார் என்று சிலர் அசையாமல் நம்புவர். பிரெஞ்சு மனநல மருத்துவர் கிளெராம்போ 1921இல் இதை விரிவாக எழுதியதால் அவர் பெயராலேயே இது இன்றும் அழைக்கப்படுகிறது. இதற்கு அறிவுரை பயன்படாது, மாத்திரை தேவை. எண்ணச் சுழற்சி நோயும் மனச்சோர்வும் இந்தக் காதலின் போர்வையில் வருவதுண்டு. இவற்றுக்கு மருந்தும் பேச்சு வழி மருத்துவமும் நல்ல பயன் தருகின்றன.

அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தின் மருத்துவரிடம் முதலில் சொல்லலாம். அவர் தேவைக்கேற்ப நகரிலுள்ள அரசு மருத்துவமனைக்கோ ஜிப்மரின் மனநலத் துறைக்கோ அனுப்பிவைப்பார். வெளியில் வரத் தயங்குவோர் டெலி மானஸ் எண் 14416ஐ அழைக்கலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய இந்த அரசுச் சேவை கட்டணமின்றி, இரவு பகலாக, தமிழிலும் கிடைக்கிறது.

பத்திரையின் கதை மலையுச்சியோடு முடியவில்லை. அவள் துறவு பூண்டு, பல நூல் கற்று, ஊர்தோறும் சென்று அறிஞரோடு வாதிட்டாள். பறித்த கூந்தல் சுருண்டு வளர்ந்ததால் குண்டலகேசி என்று பெயர்பெற்றாள். விரைந்து உணரும் அறிவுடைய பிக்குணியருள் அவளே தலைசிறந்தவள் என்று புத்தரே பாராட்டியதாகப் பௌத்த நூல்கள் கூறும். ஒருவனின்றி வாழ முடியாது என்று படுக்கையில் வீழ்ந்தவளுக்குள் அத்தனை அறிவும் ஆற்றலும் அன்றைக்கும் இருந்தன. இன்று உங்கள் வீட்டில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கும் பிள்ளைக்குள்ளும் அவை இருக்கின்றன. அவை வெளிவரும்வரை உயிரையும் காலத்தையும் காத்துக் கொடுப்பதே குடும்பத்தின் வேலை.

வீட்டில் கலந்து பேச

1. பத்திரையின் தந்தை ஒரு மாதம் பொறுத்திருந்தால், அந்த மாதத்தில் அவர் என்னென்ன செய்திருக்கலாம்?

2. நம் வீட்டில் ஒருவர் "வேண்டாம்" என்று சொன்னால் அதை முதல் முறையிலேயே மதிக்கிறோமா? பெண் சொன்னாலும் ஆண் சொன்னாலும் ஒன்று போல மதிக்கிறோமா?

3. மனத்துயரை அச்சமின்றிச் சொல்ல நம் பிள்ளைகளுக்கு வீட்டில் யார் இருக்கிறார்கள்?